மறதி என்று வருகிறார்கள், நான் காதைப் பார்க்கிறேன்

முதியோர் மருத்துவம் பார்க்கிறவன் நான். "அப்பாவுக்கு மறதி ரொம்ப அதிகமாயிடுச்சு டாக்டர், மூளைக்கு ஏதாவது டானிக் எழுதுங்க" என்று யாராவது வராத வாரம் கிடையாது. அப்படி வந்தவர்களில் ஒருவர் 74 வயதுக்காரர், ஓய்வுபெற்ற கணக்காளர். கூட மகன் வந்திருந்தார். நான் எதைக் கேட்டாலும் பெரியவர் முதலில் மகன் முகத்தைப் பார்த்தார். மகன் பதில் சொன்னதும் ஆமாம் என்று தலையாட்டினார். கேள்வி கேட்டவுடன் கூட வந்தவர் பக்கம் தலை திரும்புவது மறதிநோயில் நாங்கள் கவனிக்கும் ஓர் அடையாளம். நானும் பாதி முடிவுக்கு வந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு சந்தேகம். கையிலிருந்த ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டு, குரலை மாற்றாமல், "எத்தனை வருஷம் சர்வீஸ் சார்?" என்று கேட்டேன். பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபைலை இறக்கிவிட்டு மறுபடி கேட்டேன். "முப்பத்தாறு வருஷம், நாலு மாசம்" என்று சட்டென்று வந்தது பதில்.

இத்தனை நாளும் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடித்திருக்கிறார் மனிதர். டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு காதும் அழுக்கால் அடைத்துக் கிடந்தன. சுத்தம் செய்த பிறகு, கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுத்தோம். வயதால் வரும் காது மந்தமும் இருந்தது. காது மெஷின் பழகியபின் அதே மறதிச் சோதனையைத் திரும்பச் செய்தபோது மதிப்பெண் கூடியது. மறதியே இல்லை என்று சொல்லமாட்டேன், கொஞ்சம் இருக்கிறது. ஆனால் வீட்டார் பயந்த அளவில் பாதிகூட இல்லை.

காதுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்? அரைகுறையாக வந்து விழும் ஒலியை வார்த்தையாக்கவே மூளை தன் சக்தியைச் செலவழித்துவிட்டால், அந்த வார்த்தையை நினைவில் பதிக்க மிச்சம் குறைவாகத்தான் இருக்கும். இதைவிடப் பெரிய சேதம் மெதுவாக நடக்கிறது. வீட்டில் எல்லாரும் ஒரு பேச்சுக்குச் சிரிக்கும்போது, ஒரு நொடி தாமதித்துச் சிரிக்கிறவர் இருக்கிறாரா என்று பாருங்கள். கேட்காமல், மற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார் அவர். கொஞ்ச நாளில் சிரிப்பதை விட்டுவிடுவார். அப்புறம் தன் அறையை விட்டு வருவதையும். "அப்பா இப்பல்லாம் அமைதியாயிட்டார்" என்பார்கள். அந்த அமைதிதான் எனக்குக் கவலை.

டிமென்ஷியா, அதாவது மறதிநோய், தடுப்பு பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொல்கிறது. அத்தனையையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் ஏறக்குறைய 45 சதவீத மறதிநோயைத் தடுக்கலாம், அல்லது தள்ளிப்போடலாம் என்பது அதன் கணக்கு. அதில் முன்வரிசையில் நிற்பவற்றில் ஒன்று காது கேளாமை. இது ஒட்டுமொத்த மக்களுக்கான கணக்கு. எல்லாம் சரியாகச் செய்தவருக்கும் நோய் வரலாம்.

காது மெஷினைப் பற்றியும் மிகைப்படுத்தக் கூடாது. 2023இல் முடிவு வெளியான ஏசீவ் ஆய்வில், காது மந்தமான, 70 முதல் 84 வயது வரை உள்ள 977 பேரில் ஒரு பாதிக்குக் காது மெஷின் கொடுத்து, மறுபாதிக்குக் கொடுக்காமல் மூன்று வருடம் கவனித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் இரு தரப்புக்கும் சிந்தனைத் திறனில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மறதி அபாயம் அதிகம் இருந்த பிரிவினரில், மெஷின் போட்டவர்களுக்குச் சிந்தனைத் திறன் சரியும் வேகம் 48 சதவீதம் குறைவாக இருந்தது. என்னைப் பொறுத்தவரை, அந்த ஒரு பிரிவுக்காகவே காதைச் சோதிப்பது தகும். மெஷின் வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. முதல் நாளே கூட்டத்தில் மாட்டிக்கொண்டு போனால் எல்லாமே இரைச்சலாகத்தான் இருக்கும். அமைதியான அறையில், ஒரே ஒருவரோடு, ஒரு மணி நேரம் என்று ஆரம்பியுங்கள். பழகச் சில வாரங்கள் ஆகும். கண்புரையும் இதே கதைதான், பார்வைக் குறைவும் அந்தப் பதினான்கில் ஒன்று.

அடுத்து பி.பி. மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களை அது சத்தமில்லாமல் கெடுக்கும். ஸ்பிரின்ட் மைண்ட் என்ற ஆய்வில், மேல் அளவை 120க்குக் கீழே வைக்க முயன்றவர்களுக்கு, 140க்குக் கீழே போதும் என்று விட்டவர்களைவிட லேசான நினைவாற்றல் குறைபாடு 19 சதவீதம் குறைவாக வந்தது. அதற்காக எல்லா முதியவருக்கும் 120 என்று நான் பிடிவாதம் பிடிப்பதில்லை. எழுந்து நின்றதும் தலைசுற்றி விழுந்து தலையில் அடிபட்டால், அதுவும் மூளைக்குத்தானே கேடு? நிற்கவைத்தும் ஒருமுறை பி.பி. பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

நடைப்பயிற்சி பற்றி எல்லாருக்கும் தெரியும், அதனாலேயே யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. 2011இல் வந்த ஓர் ஆய்வில், வாரம் மூன்று நாள் என ஒரு வருடம் நடந்த முதியவர்களுக்கு, நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் அதே பலனைக் காட்டவில்லை. இருந்தாலும் பி.பி., சுகர், தூக்கம், மனச்சோர்வு என அத்தனைக்கும் ஒரே நேரத்தில் உதவும் மாத்திரை எதுவும் என்னிடம் கிடையாது. பேச முடியும், பாட முடியாது என்கிற வேகத்தில் வாரத்துக்கு 150 நிமிடம் நடந்தால் போதும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குறுக்கெழுத்துப் போட்டால் மறதி வராதா என்று கேட்பார்கள். குறுக்கெழுத்து நன்றாக வரும்! பிடித்தால் போடுங்கள், ஆனால் தனியாக உட்கார்ந்து நாலு கட்டம் நிரப்புவதைவிட, நாலு பேரோடு வாக்குவாதம் செய்வது மேல் என்பது என் கட்சி.

மாத்திரைப் பையை முழுதாக மேசையில் கொட்டச் சொல்லுவேன். சளிக்கும் அரிப்புக்கும் வாங்கிய பழைய ரக அலர்ஜி மாத்திரை, என்றோ ஒரு வாரத்துக்கு எழுதிக்கொடுத்து வருடக்கணக்கில் தொடரும் தூக்க மாத்திரை, இரண்டுமே முதியவரின் மூளையை மந்தமாக்கும். தூக்க மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சுகருக்கு மெட்ஃபார்மின் நெடுநாளாக எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். தைராய்டையும் அதோடு பார்த்துவிடலாம். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று சோதிக்க வேண்டும். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் அது வேறு விஷயம். கிருமித்தொற்றோ பக்கவாதமோ இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கணக்காளர் மறுபடி வந்தார். காலையில் மட்டும்தான் மெஷின் மாட்டுகிறார், சாயங்காலமும் மாட்டச் சொல்லி இன்னும் பேரம் நடக்கிறது. கேள்விகளுக்கு அவரே பதில் சொன்னார். மகன்தான் இன்னும் கத்திப் பேசும் பழக்கத்தை விடவில்லை. "ஏன்டா காது கிழியக் கத்துறே?" என்று என் முன்னாலேயே ஒரு அதட்டல் போட்டார் பெரியவர்.