புகையில் காயும் மிளகாய்

ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெயைக் காய வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, அதில் ஒரு சிட்டிகை 'பிமென்டோன் டெ லா வேரா' என்ற ஸ்பெயின் நாட்டுப் புகையூட்டிய மிளகாய்ப்பொடியைத் தூவினால் எண்ணெய் உடனே செக்கச்செவேலென்று ஆகிவிடும். கூடவே விறகடுப்புப் புகை வாசமும் எழும். தீயை அணைக்க மறந்தால் பொடி கருகிக் கசந்துவிடும், ஜாக்கிரதை.

ஸ்பெயினின் மேற்கே, எக்ஸ்ட்ரமதூராவில், கிரேதோஸ் மலையின் தென்சரிவில் இருக்கிறது லா வேரா. அமெரிக்காவிலிருந்து ஸ்பெயினுக்கு வந்த மிளகாய் இந்த மண்ணில் நன்றாகவே வேரூன்றியது. சிக்கல் அறுவடையில்தான். பழம் பறிக்கும் இலையுதிர் காலத்தில் இங்கே மழையும் வந்துவிடும். தென்கிழக்கே வறண்ட முர்சியாவில் செய்வதுபோல வெயிலில் பரப்பினால் பூஞ்சை பிடித்துவிடும்.

அதனால் கூரைக்குள் காயவைக்கிறார்கள். கீழே ஓக் விறகு மெல்லக் கனன்றுகொண்டிருக்கும். மேலே இடைவெளி விட்ட பலகைத் தளத்தில் மிளகாய் குவிந்திருக்கும். பத்து, பதினைந்து நாள் இப்படியே. எல்லாப் பக்கமும் சீராகக் காய, தினமும் உள்ளே போய்க் கையாலேயே புரட்டிவிட வேண்டும். கண் எரியும் வேலை அது. அந்தப் பொடியின் விலையில் பாதி இந்தப் பொறுமைக்குத்தான் என்பேன்.

சரி, இதனால் நிறம் எப்படி நிலைக்கிறது? மிளகாயின் சிவப்புக்குக் காரணம் காப்சாந்தின் என்ற கரோட்டினாய்டு வகை நிறமி. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். எண்ணெய் சிவந்தது அதனால்தான். வெளிச்சம், ஆக்சிஜன், அதிக வெப்பம் மூன்றுமே அதைச் சிதைக்கும். புகைக்கூடத்திலோ இருட்டு, இளஞ்சூடு. போதாததற்கு, விறகிலுள்ள லிக்னின் சிதையும்போது குவாயகால், சிரிங்கால் போன்ற பீனால்கள் புகையோடு எழுந்து மிளகாயில் படிகின்றன. வாசனை தருபவை இவைதான். ஆக்சிஜனேற்றத்தைத் தாமதப்படுத்துபவையும் இவையே. மழைக்குப் பயந்து மூட்டிய தீ, நிறத்துக்கும் காவலாகிவிட்டது!

அப்புறம் அரவை. கல் வேகமாகச் சுற்றினால் உராய்வில் பொடி சூடேறும், நிறம் மங்கும். அதனால் நிதானமாகத்தான் அரைக்கிறார்கள். இனிப்பு, இனிப்பும் காரமும் கலந்தது, காரம் என மூன்று வகை. சோரிஸோ தொத்திறைச்சியின் சிவப்பும், ஸ்பெயினின் வடமேற்கிலுள்ள கலீசியாக்காரர்கள் வெந்த ஆக்டோபஸ் மேல் தூவும் சிவப்பும் இந்த மிளகாய்ப்பொடி இனம்தான்.

கடைகளில் இது பெரும்பாலும் சின்னத் தகர டப்பாவில் வரும். அழகுக்காக மட்டுமல்ல, தகரத்துக்குள் வெளிச்சம் புகாது. வாங்கினால் கண்ணாடிப் புட்டிக்கு மாற்றாமல் அதிலேயே வைத்திருங்கள்.