ஃபார்முலாவை எங்கே எழுதி வைத்திருந்தீர்கள்?

குலசேகரம் பக்கத்தில் வண்டிகளுக்கு ரப்பர் புஷ், இன்ஜின் மவுண்டிங் செய்து கொடுக்கிற ஒருவர் நாகர்கோவிலில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்திருந்தார்.

"சாரே, பத்து வருஷம் என்கிட்ட நின்ன பையன் தனியா மில் போட்டுட்டான். அச்சு அசலா என் சரக்குதான். பேட்டன்ட் எடுத்திருக்கணுமோ?"

ரப்பர் கலவையின் ஃபார்முலாவை எங்கே எழுதி வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். மிக்ஸிங் மில்லுக்குப் பின்னாலிருக்கும் சுவரில், சாக்பீஸால் என்றார்.

100 பங்கு ரப்பருக்குக் கார்பன் பிளாக் என்ற கரித்தூள் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்பதை நல்ல லேப் ஒன்று புஷ்ஷைச் சூடாக்கிப் பார்த்தே ஏறக்குறையச் சொல்லிவிடும். எதற்குப் பின் எதைப் போட்டார்கள், எந்தச் சூட்டில் கந்தகம் சேர்த்தார்கள் என்பதை அதனால் சொல்ல முடியாது. பேட்டன்ட் கேட்டால் அதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பொதுவாக 18 மாதத்தில் விண்ணப்பம் வெளியாகிவிடும்; உரிமை 20 வருடம்தான். ஆகவே இந்த மாதிரிப் பக்குவத்தை ரகசியமாக வைத்துக்கொள்வதே மேல் என்பேன். அறுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும் புது அமைப்பென்றால் கதை வேறு. சாம்பிள் கொடுப்பதற்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். முழு விவரம் தயாராகவில்லையா? தற்காலிக விண்ணப்பம் போட்டால் 12 மாதம் அவகாசம் உண்டு.

தொழில் ரகசியத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்தையும், நம்பிக்கை மோசடி செய்தான் என்ற வாதத்தையும் வைத்துத்தான் வழக்காட வேண்டும். 'வேலையை விட்டபின் ஐந்து வருஷம் இதே தொழில் செய்யமாட்டேன்' என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்குகிறவர்கள் நிறைய. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு முன் அது நிற்காது. கையில் பழகிய தொழில் திறமை பையனுடையது. ஃபார்முலா உங்களுடையது, ஆனால் அதைப் பூட்டி வைத்திருந்ததை நீங்கள்தான் காட்ட வேண்டும். ஊபருக்குப் போய்ச் சேர்ந்த முன்னாள் பொறியாளர் 14,000 கோப்புகளை இறக்கிக்கொண்டு போனதாக, ஓட்டுநரில்லாக் கார்களை உருவாக்கும் அமெரிக்காவின் வேமோ நிறுவனம் 2017-இல் ஊபர் மீது வழக்குப் போட்டபோது, கையில் கணினித் தடயம் இருந்தது. சாக்பீஸ் சுவரில் என்ன தடயத்தைத் தேட?

சமீபத்தில் அவருடைய மில்லுக்குப் போயிருந்தேன். சுவருக்கு வெள்ளையடித்திருந்தார். ரசாயனங்களை வீட்டம்மா தனி அறையில் எடை போட்டு, 1, 2 என்று எண் மட்டும் எழுதிய பைகளில் கட்டி அனுப்புகிறார். செல்போன்களை வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எனக்குச் சந்தோஷம். பெரிய கம்பெனி ஒன்று ஆடிட்டுக்கு முன்னால் செய்முறை முழுவதையும் மெயிலில் கேட்டதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினீர்களா என்றேன்.

"இல்ல சாரே, உடனே அனுப்பிட்டேன். ஆர்டர் போயிருமில்லா?"