எடி: சுழல் அல்ல, மீள்நீர்

வேக ஆற்றில் சிறு துடுப்புப் படகு செலுத்தும் கயாக்கிங் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் 'எடி' (eddy) என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் 'சுழல்' என்று போட்டுவிடுகிறார்கள். "பாறைக்குப் பின்னால் உள்ள சுழலுக்குள் போய் இளைப்பாறுங்கள்" என்றால் ஆற்றங்கரையில் வளர்ந்தவர் எவரும் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுவார்.

பாறையில் மோதும் நீர் இரண்டாகப் பிரிந்து பாய்கிறது. பாறைக்கு நேர் பின்னால் நீர்மட்டம் சற்றே தாழ்கிறது. அதை நிரப்பக் கீழாற்றுப் பக்கமிருந்து நீர் திரும்பி மேல்நோக்கி வருகிறது. அதுதான் எடி. படகை நிறுத்த, மூச்சுவிட, அடுத்த இறக்கத்தை எட்டிப் பார்க்க உதவும் இடம். சொல் ஆங்கிலத்தில் 15ஆம் நூற்றாண்டு வாக்கில் வருகிறது. பழைய நோர்ஸ் மொழியின் 'இதா' அதற்கு உறவு. அடியில் இருப்பது 'திரும்ப' என்று பொருள்படும் முன்னொட்டு என்பர்.

சுழல் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது? பெரும்பாலும் இயற்பியல் பாடத்தில் 'எடி கரண்ட்' என்பதற்கு வைத்த 'சுழல் மின்னோட்டம்' வழியாக. அங்கே அது பொருத்தம்: உலோகத்துக்குள் மின்னோட்டம் மூடிய வளையங்களாகவே சுற்றுகிறது. அதை அப்படியே தூக்கி ஆற்றில் போட்டதுதான் கோளாறு. ஏனென்றால் ஆற்றில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. பாறைமேல் ஏறி விழும் நீரின் அடியில், மேற்பரப்பு நீர் விழுமிடத்துக்கே திரும்பி உருண்டு, படகையும் ஆளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் 'ஹோல்' (hole) எனப்படும் அந்த இடத்தை 'ஓட்டை' என்று பெயர்க்கிறார்கள்! ஒதுங்க வேண்டிய இடம் சுழலாம், உயிருக்கு அஞ்ச வேண்டிய இடம் ஓட்டையாம்.

இதைத் திருத்த வந்த 'தேங்குநீர்' தூய தமிழ்தான், ஆனால் பொய். நீர் அங்கே தேங்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் அது படகைப் பாறைவரை தள்ளிக்கொண்டுபோய், விளிம்பு வழியாக மீண்டும் ஓட்டத்தில் விட்டுவிடும். 'ஒதுக்குநீர்' அழகு, ஆனால் நதிநீர் ஒதுக்கீட்டுச் செய்தி படித்த கண்ணுக்கு அது வேறொன்றாகத் தெரியும். தூய்மை மட்டும் போதாது, தெளிவும் வேண்டும்.

மீள்நீர் என்றால் நீர் செய்வதையே சொன்னதாகும். மூல வேரும் அதுவே. 'ஒதுங்கு' என்பதை வினையாக வைத்துக்கொள்ளலாம்: "மீள்நீரில் ஒதுங்கு." எதிரெதிர் ஓட்டங்கள் உரசும் கோடு 'மீள்நீர் வரம்பு'. அதை வேகத்தோடு, ஏறக்குறைய 45 பாகைக் கோணத்தில், பாறைக்கு நெருக்கமாகக் கடக்க வேண்டும். கோணம் குறைந்தால் படகு வரம்போடேயே வழுக்கிக் கீழே போய்விடும். பாறையிலிருந்து தள்ளி, வால்பகுதியில் மீள்நீர் வலுவிழந்திருக்கும், படகைப் பிடித்து நிறுத்தாது. நுழையும்போது மேலாற்றுப் பக்கம் சாய வேண்டும், வெளியேறும்போது கீழாற்றுப் பக்கம். மாற்றிச் சாய்ந்தால் எதிரே வரும் நீர் படகின் விளிம்பைப் பிடித்துக் கவிழ்த்துவிடும். நீர்வரத்து கூடினால் வரம்பு அகன்று, அதிலேயே சிறு சுழல்கள் தோன்றி மறையும். அவற்றைச் சுழல் என்று சொல்லுங்கள், தடையில்லை. ஆனால் மீள்நீருக்கே அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டவர் இவற்றை என்னவென்று சொல்வார்?

ஆங்கில 'சீவ்' (sieve) என்பதற்கான 'சல்லடை' மட்டும் மொழிபெயர்ப்பாளர் கையில் பிழைத்திருக்கிறது: பாறை இடுக்குகளில் நீர் நுழைந்து போகும், ஆள் போக முடியாது. நீர் ஊடே பாய்ந்துவிடுவதால் அதன் பின்னால் சரியான மீள்நீர் அமையாது. பெரிய பாறைக்குப் பின்னும் நீர் திரும்பாமல் கீழ்நோக்கியே ஓடினால், அடியில் சல்லடையோ, நீர் அரித்த குடைவோ இருக்கலாம். அந்தப் பாறையை நெருங்கக் கூடாது.