ஐந்து வாட் எவ்வளவு தூரம் எடுக்கும்?

400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையத்தோடு 5 வாட் வாக்கி டாக்கியை வைத்துப் பேசிய ஹாம்கள், அதாவது உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலியாளர்கள், உண்டு. அதே செட்டோடு தெருவில் நின்று 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நண்பரைக் கூப்பிட்டால், பெரும்பாலும் கொரகொரவென்ற இரைச்சல்தான் மிஞ்சும். நடுவில் பூமி நிற்கிறது.

கணக்கு போட்டே பார்க்கலாம். 1 மில்லிவாட்டைச் சுழியாக வைத்தால் 5 வாட் என்பது 37 டெசிபல் (சக்தி எத்தனை மடங்கு கூடுகிறது, குறைகிறது என்று அளக்கும் அலகு). நல்ல ரிசீவர், மைனஸ் 121 வரை தேய்ந்துபோன சிக்னலிலும் பேச்சைப் பிடித்துவிடும். ஆக, வழியில் 158 டெசிபல் வரை இழக்கலாம். தடையே இல்லாத வெளியில் இந்த செட்டின் 145 மெகாஹெர்ட்ஸ் அலை 10 கிலோமீட்டருக்கு இழப்பது சுமார் 96தான். மிச்சம் 62! தூரம் இரட்டிக்கும்போது போவது 6 டெசிபல் மட்டும் என்பதால், அந்த மிச்சம் 13,000 கிலோமீட்டர் வரை தாங்கும்.

ஆனால் இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது, பூமியோ வளைகிறது. ஆண்டெனா தரையிலிருந்து எத்தனை மீட்டர் என்று பார்த்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்குங்கள். ரேடியோவின் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைத்துவிடும். கண் பார்க்கும் தொடுவானத்துக்கு இந்த எண் 3.57, காற்று அலையைக் கொஞ்சம் கீழே வளைத்துக் கொடுப்பதால்தான் அந்த உபரி. வாயருகே பிடித்த செட்டுக்கு உயரம் 1.5 மீட்டர், அதாவது 5 கிலோமீட்டர். எதிர்முனைக்கும் 5; மொத்தம் 10. சரி, இருவரும் 12 மீட்டர் உயர மொட்டை மாடிக்கு ஏறினால்? 14 கூட்டல் 14, 28 கிலோமீட்டர். கட்டடமும் மரமும் கொஞ்சம் தின்னும்தான்.

தொடுவானத்துக்கு உள்ளேயும் தரை சும்மா விடாது. அதில் பட்டுத் தெறிக்கும் அலை, நேரே வரும் அலையைப் பெருமளவு அழித்துவிடும். அதனால் தூரத்தை இரட்டிக்க 16 மடங்கு சக்தி, அதாவது 80 வாட் வேண்டும். ஆண்டெனாவை இரண்டு மடங்கு உயர்த்தினாலோ சக்தியை 4 மடங்கு கூட்டிய பலன். காசை பெரிய செட்டில் போடாமல் ஆண்டெனாவை உயரத் தூக்கும் நல்ல குழாயிலும், அதைச் செட்டோடு இணைக்கும் கேபிளிலும் போடுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன். கேபிளும் முக்கியம்: மெலிந்த ஆர்ஜி-58 கேபிளை 15 மீட்டர் இழுத்தால் ஏறக்குறைய பாதி சக்தி அதிலேயே போய்விடும்.

ஷார்ட்வேவில் 4.12 செல்லாது. அங்கே வானத்தின் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற அடுக்கான அயனி மண்டலம் அலையைப் பூமிக்கு மடக்கி அனுப்பும். நோபல் பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லர் 2008இல் வெளியிட்ட விஸ்பர் (WSPR) என்ற டிஜிட்டல் சிக்னல் முறை, 50 பிட் தகவலை ஏறக்குறைய இரண்டு நிமிடம் நிதானமாக அனுப்புகிறது. அதில் 0.2 வாட்டே கடல் தாண்டிக் கேட்கிறது.