ஊற்றிய தண்ணீர் போகமாட்டேன் என்கிறது

ஹட்டனுக்குக் கொஞ்சம் மேலே, ரோட்டிலிருந்து படி இறங்கிப் போகும் ஒரு துண்டு நிலத்தில் அண்ணன் வீடு கட்டுகிறார். கூரை போட்டாயிற்று, வயரிங் முடிந்தது, ஓகஸ்டில் பூச்சும் முடிந்தது. இனி என்ன, பெயின்ட் அடித்துப் பால் காய்ச்ச வேண்டியதுதானே என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். நானும் ஞாயிறுதோறும் போகிறேன். போன ஞாயிறுக்கும் இந்த ஞாயிறுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. "வேலை நடக்குதா?" என்று கேட்டால் அண்ணன் சுவரைக் காட்டி, "அது காயுது" என்கிறார்.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் மலைநாட்டில் ஒரு வீட்டின் கடைசி வேலைகளில் பாதி இதுதான்.

இதே சுவருக்குத்தான் பூச்சு முடிந்த அடுத்த நாளிலிருந்து ஒரு வாரம் காலையும் மாலையும் வாளி வாளியாகத் தண்ணீர் அடித்தோம். அப்போது காயவிடக்கூடாது என்று மேசன் பாஸ் சத்தம் போட்டார், இப்போது காயவில்லை என்று அவரே தலையில் கை வைக்கிறார். இரண்டும் சரிதான். சிமெந்து காய்ந்து இறுகுகிறது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அது அப்படி இறுகுவதே இல்லை, தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது, அதனால்தான் பாலத்துத் தூணுக்குத் தண்ணீருக்கு அடியில் போட்ட கொங்கிரீட்டும் கல்லாகிறது. சிமெந்துத் துகளில் உள்ள கல்சியம் சிலிக்கேற்று தண்ணீரை இழுத்துக்கொண்டு ஒரு பசைபோல வளர்ந்து மணலைப் பிடித்துக்கொள்ளும். பாதியில் தண்ணீர் போய்விட்டால் அந்த வினையும் பாதியில் நின்றுவிடும். அப்படிப்பட்ட சுவரை உள்ளங்கையால் தேய்த்தால் மணல் பொலபொலவென்று கொட்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். 50 கிலோ மூடை ஒன்றில் உள்ள சிமெந்து வேதியியலாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் தண்ணீர் சுமார் 12 லீற்றர். ஆனால் அவ்வளவு மட்டும் ஊற்றினால் கலவை கரண்டியில் ஏறாது, சுவரில் இழுபடாது. அதனால் 30 லீற்றருக்குக் குறையாமல் ஊற்றுகிறார்கள். மூடைக்கு 18 லீற்றர் மிச்சம். பூச்சுக்கும் தரைக்கும் அண்ணன் வாங்கியது 55 மூடை. பெருக்கிப் பாருங்கள், கொல்லையில் நிற்கிற கறுப்புத் தண்ணீர்த் தாங்கி ஒன்று நிறையும் அளவு, கிட்டத்தட்ட 1000 லீற்றர். அவ்வளவும் சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. நாம் வாளியால் அடித்ததை நான் இன்னும் சேர்க்கவில்லை.

அது வெளியே வரும் விதம் கொஞ்சம் தந்திரமானது. தொடக்கத்தில் பூச்சின் நுண்துளைகள் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலத் தண்ணீரை மேலே கொண்டுவந்து தரும், மேற்பரப்பில் அது ஆவியாகும், சுவரின் கருநிறம் நாளுக்கு நாள் வெளுக்கும், நமக்கும் நம்பிக்கை வரும். அப்புறம் திரி அறுந்துவிடும். மேல்தோல் காய்ந்து, ஈரம் உள்ளே பின்வாங்கிவிடும். அங்கிருந்து ஆவியாக மட்டுமே, துளை துளையாக நுழைந்து வரவேண்டும். இந்தக் கட்டத்தில் தடிப்பு இரண்டு மடங்கானால் காலம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். அரை அங்குலப் பூச்சை விட இரண்டு அங்குலத் தரை ஏன் இவ்வளவு பாடுபடுத்துகிறது என்பதற்குக் காரணம் இதுதான். வெளுத்த சுவரைப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று ஏமாறுவதும் இங்கேதான்.

வெளியே வந்த ஆவியைக் காற்று ஏற்றுக்கொள்ள வேண்டுமே! கொழும்பில் 28 பாகை வெப்பம், 75 சதவீத ஈரப்பதன் என்று வைத்துக்கொண்டால் ஒரு கன மீற்றர் காற்று இன்னும் 7 கிராம் நீராவியை ஏற்கும். நம் ஊரில் பனிமூட்டம் இறங்கிய பின்னேரம், 16 பாகை, 95 சதவீதம். அந்தக் காற்று ஏற்கக்கூடியது ஒரு கிராம்கூட இல்லை. ஜன்னலை எவ்வளவு திறந்து வைத்தாலும் வயிறு நிறைந்தவனுக்குச் சோறு போடுகிற கதைதான்.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. பழைய தொழிற்சாலைகளின் மேல்மாடிகளில் வரிசையாக அத்தனை ஜன்னல்கள் வைத்ததே கொழுந்து வாட்டத்தான். மழை நாளில் வெறும் காற்று உதவாது என்று சூடான காற்றைக் கலந்து அனுப்புவார்கள். மேலே சொன்ன அதே மூட்டக் காற்றை 26 பாகைக்குச் சூடாக்கினால் ஒரு கன மீற்றர் 11 கிராம்வரை ஏற்கும். காற்றில் இருந்த தண்ணீர் குறையவில்லை, காற்றின் பசிதான் கூடியது.

இதைக் கேட்டதும் மச்சான், "அப்போ கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் கதவைச் சாத்திடுவோம்" என்றார். வேண்டவே வேண்டாம். கேஸ் எரிந்தால் தண்ணீர்தான் பிறக்கும், 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து முடிய 20 லீற்றருக்குச் சற்றுக் குறைவான தண்ணீர் ஆவியாக அறைக்குள் சேரும். கரி அடுப்பில் தண்ணீர் குறைவு, ஆனால் பூட்டிய அறையில் அதன் புகையில் வரும் கார்பன் மொனொட்சைட்டு ஆளையே கொன்றுவிடும். சூடும் வேண்டும், ஈரக்காற்று வெளியே போக வழியும் வேண்டும்.

அண்ணனுக்கும் பொறுமை ஒரு தடவை போனது. செப்டெம்பரில் முன்னறைக்கு இமல்ஷன் பெயின்ட்டும், அடுப்படியில் கழுவ வசதியாக இருக்கட்டும் என்று இடுப்பளவுக்கு எனமல் பெயின்ட்டும் அடித்தார். மூன்றே வாரத்தில் முன்னறைச் சுவர் அம்மை போட்டதுபோல் ஆனது. நான் ஒரு கொப்புளத்தைப் பெருவிரலால் அழுத்தினேன். சவ்வு கிழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் சுவரில் கோடாக இறங்கி, அது காய்ந்த இடத்தில் வெள்ளைத் தடம் விட்டது. உப்பு. சிமெந்திலும் மணலிலும் இருந்த உப்பைத் தண்ணீர் கரைத்துக் கூட்டிவந்து, தான் மட்டும் ஆவியாகிப் போய்விடும். சுவர் உப்புப் பூப்பது என்கிறோமே, அதுதான்.

அடுப்படி இன்னும் மோசம். எனமல் காயாமல் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. புதுப் பூச்சில் கல்சியம் ஐதரொட்சைட்டு இருக்கிறது, கடும் காரம். எனமலில் எண்ணெய் இருக்கிறது. எண்ணெயும் காரமும் ஈரத்தில் சேர்ந்தால் என்ன வரும்? சவர்க்காரம். அண்ணன் காசு கொடுத்து அடுப்படிச் சுவரில் சவர்க்காரம் காய்ச்சியிருக்கிறார் என்று அண்ணி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

சுவர் காய்ந்ததா என்று பார்க்கக் கருவிகள் உண்டு, ஆனால் ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டு போதும். நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் தூரிகையைத் தொடாதீர்கள்.

கதவுக்கும் இதே கதை. மரம் சுற்றியுள்ள காற்றுக்கு ஏற்ப ஈரத்தைக் குடிக்கும், விடும். நீளவாக்கில் அல்ல, அகலவாக்கில்தான் உப்பும். ஈரச் சுவருள்ள வீட்டில் கதவை மாட்டி, இறுகுகிறது என்று உடனே இழைத்துவிட்டால், வெயில் காலத்தில் விரல் நுழையும் இடைவெளி நிற்கும். தச்சர் கதவுகளைப் பக்கத்து வீட்டில் அடுக்கி வைத்திருப்பது சோம்பலில் அல்ல.

பண்டாரவளைப் பக்கம் கட்டுகிறவர்களுக்கு ஜூலை, ஓகஸ்ட் வசதி. தென்மேற்குப் பருவமழை இந்தப் பக்கத்து மலையிலேயே கொட்டித் தீர்த்துவிட, பண்டாரவளை இருக்கும் ஊவாவுக்கு வறண்ட காற்றுத்தான் மிஞ்சும். நமக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை. தரமான தேயிலைக்கான பருவமும் இரு பக்கமும் கிட்டத்தட்ட இதே மாதங்கள்தான். "தை பிறக்கட்டும்" என்று பாஸ் சொல்லிவிட்டார், அதுவும் காலை பத்திலிருந்து மூன்று மணிவரைதான் பெயின்ட் அடிப்பாராம், மூட்டம் இறங்கினால் இறங்கிவிடுவாராம்.

போன ஞாயிறு ஐந்து இடத்தில் பொலித்தீன் ஒட்டினோம். நான்கு சுத்தம். குளியலறைக்கு ஒட்டிய சுவரில் மட்டும் கடுகு கடுகாகத் துளிகள். அண்ணன் துண்டைப் பிய்த்து, உதறி, அதே இடத்தில் மறுபடி ஒட்டினார்.