வீட்டுக்குள் டென்ட் போட்டுக் கஞ்சாச் செடி: கனடாச் சட்டம் எதுவரை விடுகிறது

கனடாவில் 2018 அக்டோபர் 17ஆம் திகதி கஞ்சாச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, வயது வந்த ஒருவர் தன் வீட்டிலேயே கஞ்சாச் செடி வளர்க்கலாம். இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் "நாலு செடி வைக்கலாமாம்" என்ற ஒரு வரியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு செடி வளர்க்கும் சின்னத் துணிக்கூடாரமான டென்டும் அதற்கான லைட்டும் வாங்கி பேஸ்மென்டில் பொருத்திவிடுகிறார்கள். அந்த நாலு என்பது யாருக்கு, எங்கே, எதை எண்ணி என்பதைப் பலரும் கேட்பதே இல்லை. குடியுரிமை இன்னும் கிடைக்காதவர்களுக்கு இதில் தவறினால் இழப்பு மிகப் பெரிது, அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. நான்கு செடி என்பது வீட்டுக்கு, ஆளுக்கு அல்ல. கணவன், மனைவி, வளர்ந்த மகன் என்று மூன்று பேர் இருந்தால் பன்னிரண்டு ஆகாது. ஐந்து மாணவர்கள் சேர்ந்து ஒரே வீட்டில் இருந்தாலும் எல்லோருக்கும் சேர்த்து அதே நான்குதான், ஒருவர் ஏற்கெனவே நான்கு வைத்திருந்தால் மற்றவர்களுக்கு இடமில்லை. அதோடு, வளர்ப்பது நீங்கள் குடியிருக்கும் வீட்டிலேயே இருக்க வேண்டும், வீட்டை ஒட்டிய முற்றமும் அதற்குள் அடங்கும். அண்ணன் வீட்டு கராஜில் இடம் இருக்கிறது, கடையின் பின்னறை சும்மா கிடக்கிறது என்று அங்கே போய் உங்கள் டென்டைப் போட முடியாது.

டென்ட் பற்றிச் சட்டத்தில் தனியாக ஒன்றும் இல்லை. எத்தனை டென்ட், எத்தனை லைட் என்று யாரும் கேட்கப் போவதில்லை, செடிகளைத்தான் எண்ணுவார்கள். சிறிய டென்டில் வளர்ப்பவர்கள் சிக்குவது பெரும்பாலும் முளைக்க வைக்கும் கட்டத்தில். எல்லா விதையும் முளைக்காது, முளைத்ததிலும் ஆண் செடி வந்தால் பிடுங்க வேண்டும் என்று யோசித்து ஆறு ஏழு விதையை ஈரக் காகிதத்தில் போடுகிறார்கள். அதில் ஆறு முளைத்துச் சின்னக் கப்பில் மண்ணுக்குப் போய்விட்டால், விரல் உயரம்தான் என்றாலும் அது ஆறு செடிதான். சட்டம் சின்னது பெரியது, ஆண் பெண் என்று பிரித்து எண்ணுவதில்லை. விதை கையில் இருப்பது வேறு, அதைச் செடி என்று எண்ண மாட்டார்கள். அதனால் ஒரே நேரத்தில் நான்குக்கு மேல் முளைக்க வைக்காமல், முளைக்காததற்குப் பதில் இன்னொன்றைப் பிறகு போடுவதுதான் பாதுகாப்பான வழி. பூக்கும் செடிக்கு ஒரு டென்ட், வளரும் கன்றுக்கு இன்னொரு டென்ட் என்று வைப்பவர்களும் இரண்டையும் கூட்டித்தான் நான்குக்குள் நிற்க வேண்டும். அங்கே இரண்டு, இங்கே இரண்டு.

தாண்டினால் என்ன ஆகும்? ஐந்தோ ஆறோ செடி இருந்தால் பொலிஸ் 200 டொலர் டிக்கெட்டோடு விடலாம். விட்டே ஆக வேண்டும் என்று இல்லை. அதற்கு மேல் போனால் குற்றவியல் வழக்குத்தான், உச்சத் தண்டனை 14 ஆண்டு சிறை. சாதாரண வீட்டு வளர்ப்புக்கு யாரும் 14 ஆண்டு கொடுக்க மாட்டார்கள் என்பது சரிதான். ஆனால் குடிவரவுச் சட்டம் உங்களுக்கு எவ்வளவு தண்டனை கிடைத்தது என்பதோடு நிற்பதில்லை, அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதையும் பார்க்கிறது. கனடாவில் 10 ஆண்டோ அதற்கு மேலோ சிறைக்கு இடமுள்ள குற்றத்தில் தீர்ப்பு வந்தால், நிரந்தர வதிவிட உரிமை உள்ளவரையும் பாரதூரமான குற்றம் என்ற பிரிவில் நாட்டில் இருக்கத் தகுதியற்றவர் என்று சொல்லலாம். 14 என்ற எண் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. அந்த வழக்கில் நீதிமன்றம் கொடுத்தது வெறும் அபராதமாகவே இருந்தாலும் இந்தச் சிக்கல் வரும். பி.ஆர். என்ற நிரந்தர வதிவிட அட்டையோ, மாணவர் அனுமதியோ, வேலை அனுமதியோ வைத்திருப்பவர் மீது இப்படி வழக்கு வந்தால், "சின்ன விஷயம், குற்றத்தை ஒப்புக்கொண்டு முடித்துவிடலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காமல் முதலில் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள்.

அப்புறம் மாகாணம். நான்கு செடி என்பது மத்திய அரசு போட்ட உச்ச வரம்பு, மாகாணம் அதைக் குறைக்கலாம், முழுதாகவே தடுக்கலாம். கியூபெக் தடுத்திருக்கிறது. அந்தத் தடை செல்லாது என்று ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார், 2023 ஏப்ரலில் தடை செல்லும் என்று தீர்ப்பு வந்துவிட்டது. அங்கே ஒரு செடி வைத்தாலும் 250 முதல் 750 டொலர் வரை அபராதம். மனிற்றோபாவிலும் தடை இருந்தது, 2025 மே மாதத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒன்ராறியோவில் நான்கு செடி அனுமதி உண்டு, வயது 19 ஆகியிருக்க வேண்டும். அல்பேட்டாவில் 18. பிரிட்டிஷ் கொலம்பியாவில் செடி தெருவில் போகிறவர் கண்ணில் படக் கூடாது, பிள்ளைப் பராமரிப்பு நடத்தும் வீட்டில் வளர்க்கவே கூடாது. மாகாணம் மாறிக் குடிபோகிறவர்கள் பழைய இடத்து விதியை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

குடிபோவது என்றதும் இன்னொன்று. மொட்டு வைத்த, பூத்த செடியைப் பொது இடத்தில் வைத்திருக்கக் கூடாது, வீதியில் நிற்கும் காரும் பொது இடம்தான். வீடு மாறும் நாளில் பூத்த செடியை வேனில் ஏற்றிக்கொண்டு போனால் அதுவே குற்றம். அறுவடை முடிந்த பிறகு மாறும்படி பார்த்துக்கொள்ளலாம், இல்லையென்றால் செடி பூக்கும் முன்பே கொண்டுபோக வேண்டும்.

மாகாணம் அனுமதித்தாலும் வீட்டுக்காரர் இருக்கிறார். வாடகை ஒப்பந்தத்தில் கஞ்சா வளர்க்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். கொண்டோ எனும் அடுக்குமாடி வீடு என்றால் நிர்வாகத்தின் விதிப்புத்தகம் தனி, சொந்தமாக வாங்கிய யூனிட்டாக இருந்தாலும் அந்த விதி உங்களையும் கட்டும். ஒப்பந்தத்தில் எதுவும் இல்லையென்றாலும் ஈரப்பதத்தால் சுவரில் பூஞ்சணம் பிடித்தால் அந்தச் சேதம் வாடகைக்காரர் தலையில்தான் வரும். டென்டுக்குள் இருந்து இழுக்கும் சூடான ஈரக் காற்றை அதே அறைக்குள் விட்டால் குளிர்காலத்தில் ஜன்னலெல்லாம் வியர்த்து, அதன் கீழ்ச் சுவர் கறுத்துவிடும், காற்றை வெளியே தள்ள வழி இருந்தால்தான் இந்த வேலையில் இறங்க வேண்டும். மணத்துக்குக் கரி வடிகட்டி வைக்கலாம். வீட்டுக் காப்புறுதியையும் ஒருமுறை படித்துப் பாருங்கள், சில நிறுவனங்கள் செடி வளர்ப்பதால் வரும் சேதத்தைப் பொறுப்பில் எடுப்பதில்லை. லைட்டையும் விசிறியையும் ஹீட்டரையும் ஒரே நீட்டிப்பு வயரில் கொளுவுவது தீக்கு அழைப்பு வைப்பதுதான், இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

விதை எங்கே வாங்குவது என்பதும் சட்டத்துக்குள் வருகிறது. உரிமம் பெற்ற கடையிலோ, ஒன்ராறியோ என்றால் மாகாண அரசின் இணையக் கடையிலோ வாங்கலாம். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கும் விதை சட்டவிரோத இறக்குமதி. சட்டவிரோதமாக வந்தது என்று தெரிந்தே அந்த விதையைப் போட்டு வளர்த்தால், செடி நான்குக்குள் இருந்தாலும் குற்றம். ரசீதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவடை செய்த பிறகு வீட்டுக்குள் எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு மத்தியச் சட்டத்தில் வரம்பு இல்லை, சில மாகாணங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. வெளியே கொண்டுபோவது காய்ந்ததாக 30 கிராம் வரைதான். காயாத பச்சை மொட்டு 5 கிராம் என்பது காய்ந்த 1 கிராமுக்குச் சமம் என்று கணக்கிடுவார்கள். வயது வந்த நண்பருக்கு 30 கிராம் வரை சும்மா கொடுக்கலாம், ஆனால் "கரண்ட் காசுக்காவது கொடு" என்று வாங்கினால் அது விற்பனை. பியூட்டேன் போன்ற கரைப்பான் ஊற்றி எண்ணெய் எடுப்பதும் சட்டப்படி கூடாது, அது வெடித்து வீடு எரியக்கூடிய வேலை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் டென்டின் சிப்புக்குப் பூட்டு, காய்ந்ததற்குப் பூட்டிய டப்பா. பிஸ்கட், கேக் என்று செய்து வைப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும், பிள்ளைக்கு அது சாதாரணத் தின்பண்டம் போலத்தான் தெரியும்.

நோய்க்காகப் பயன்படுத்துகிறவர்களுக்கு வேறு வழி உண்டு. மருத்துவர் தரும் ஆவணத்தோடு மத்திய சுகாதாரத் துறையில் பதிவு செய்தால், ஒரு நாளைக்கு எத்தனை கிராம் என்று எழுதியிருக்கிறதோ அதை வைத்துச் செடி எண்ணிக்கையைக் கணக்கிடுவார்கள். ஒரு நாளைக்கு 1 கிராம் என்றால் வீட்டுக்குள் 5 செடி வரை வரும். தானே வளர்க்க முடியாதவர் இன்னொருவரை நியமிக்கலாம். பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் நான்கைத் தாண்டலாம், விண்ணப்பம் போட்டதை வைத்துக்கொண்டு ஐந்தாவது செடியைத் தொடங்க முடியாது.

ஊருக்குப் போகும்போது ஒரு கிராமும் பெட்டியில் இருக்கக் கூடாது. கனடாவிலிருந்து கஞ்சாவை வெளியே கொண்டுபோவதும் உள்ளே கொண்டுவருவதும் இங்கேயே குற்றம், போய் இறங்கும் நாட்டின் சட்டம் அதற்கு மேல் தனி.