ஸ்கேன் நார்மல் என்றால் போதுமா?

“போன மாசம்தான் ஸ்கேன் எடுத்தோம் டாக்டர், கர்ப்பப்பை நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க.” கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றால், நாற்பதைத் தாண்டிய பெண்கள் பலர் ஃபைலை நீட்டிச் சொல்லும் பதில் இது.

ஸ்கேனில் கட்டி தெரியும், நீர்க்கட்டி தெரியும். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் தெரியாது. அது கர்ப்பப்பை வாயின் மேல்தோலில் நடப்பது. நேரில் பார்க்க வேண்டும், இல்லை அங்கிருந்து எடுத்த செல்லையோ, இந்நோய்க்குக் காரணமான வைரஸையோ சோதிக்க வேண்டும்.

அந்த வைரஸின் பெயர் எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்). அதன் 16, 18 வகைகள் மட்டுமே சுமார் 70 சதவீத கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களுக்குக் காரணம். உடலுறவில் தொற்றுவது என்றதும் சிலர் கணவரை முறைக்கிறார்கள். தேவையில்லை, பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் எப்போதாவது தொற்றும், ஓரிரு வருடத்தில் உடம்பே விரட்டிவிடும். போகாமல் தங்கினால்தான் ஆபத்து. புகைப்பழக்கமும் எச்.ஐ.வி.யும் அதைக் கூட்டும். அப்போதும் புற்றுநோயாக மாறப் பல வருடங்கள் ஆகும். நமக்குக் கிடைக்கும் அவகாசம் அதுதான்.

எளிய பரிசோதனை ஒன்று உண்டு. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை (கிட்டத்தட்ட வினிகர்தான்) பஞ்சில் தொட்டு கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருப்போம். மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000 முதல் நர்ஸ்களே இதைச் செய்தார்கள். ஒரே ஒரு முறை பரிசோதித்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை தந்ததிலேயே இந்நோயால் இறப்பு 35 சதவீதம் குறைந்ததாக 2007-இல் முடிவு வெளியானது. 30 வயதுக்கு மேல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். மாதவிலக்கு நின்றவர்களுக்கு மட்டும் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடும் என்பதால் எச்.பி.வி. சோதனை நல்லது.

9 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுங்கள். போட்டாலும் பின்னாளில் பரிசோதனை வேண்டும்.

மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்துச் சொட்டு ரத்தம் பட்டாலும் “உடம்பு சூடு” என்று மோர் குடித்துக் காத்திருக்காதீர்கள். கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் அதுதான். உடல் பருமனும் சர்க்கரையும் இருந்தால் கூடுதல் கவனம்.

சினைப்பைப் புற்றுநோய்க்கு மட்டும் எல்லோருக்குமான முன்பரிசோதனை இல்லை. குடும்பத்தில் யாருக்காவது சினைப்பையிலோ மார்பகத்திலோ வந்திருந்தால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அம்மா வழி மட்டுமல்ல, அப்பாவின் அக்கா தங்கைகளும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.